அம்மா கூப்பிடுது

ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சௌக்கியம். மேல்வீட்டுக்காரர் மட்டும் இருமிக்கொண்டே இருக்கிறார், அதனால் கட்டடமே நலம் என்று எழுத முடியவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குப் பஸ் டிப்போவில் பகல் ஷிஃப்ட் கிடைத்ததா?

வாரம் முழுக்கக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தாடை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். தயாரிப்பாளர் கிடையாது, பாட்டு கிடையாது. கேமராமேனின் மாமா வீடுதான் செட்.

விஷயத்துக்கு வருகிறேன். தையல் ஃபேக்டரித் தீயில் தப்பித்த ஒரு பெண்ணின் கதை. நீதான் என்று யாருக்கும் தெரியாது. தீயைக் காட்டவே மாட்டேன். பெரிய படங்களில் தீப்பிடிக்கும், கதாநாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவுவான், அடுத்த காட்சியில் பழிவாங்கக் கிளம்பிவிடுவான். தப்பித்து வந்தவள் அப்புறம் எப்படிக் காய்கறி வாங்கப் போகிறாள் என்று யாரும் காட்டுவதில்லை. ஏழு வருஷமாக நீ வாழ்கிறதைத்தான் நான் காட்ட நினைக்கிறேன்.

நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். போனில் கேட்டிருப்பேன். நீதான் போனையே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாயே.

அத்தானுக்கு என் அன்பு.
உன் தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அத்தானுக்குப் பகல் ஷிஃப்ட் வந்துவிட்டது. இப்போது காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக்குச் சண்டை போடுகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை மட்டும் நீ எழுதுவதே இல்லை.

படம் எடு. நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்? நீ போன தடவை கொண்டுவந்து காட்டினாயே, உன் சிநேகிதர்கள் எடுத்த சின்னப் படங்கள். அதில் எல்லாம் அடிபட்ட பெண் ஜன்னல் ஓரத்திலேயே நிற்கிறாள். மழை பெய்கிறது. அவள் நிற்கிறாள். மழை நிற்கிறது. அப்போதும் நிற்கிறாள். அவளுக்கு வேலை வெட்டி இல்லையா? நான் எட்டரைக்குக் கடையில் இருக்க வேண்டும்.

உனக்கு என்ன தெரிய வேண்டும்? இப்போது துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. மெஷினை வாசலிலேயே போட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன், முதலாளி ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொடுத்தார். பஸ்ஸில் கதவை ஒட்டின சீட் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவேன். வீட்டில் பால் அடிப்பிடித்தால் எனக்கு முன்னால் அத்தான் ஓடுகிறார். மற்றபடி சிரிக்கிறேன், சண்டை போடுகிறேன், பக்கத்துவீட்டுக்காரி புதுசாகப் போட்ட திரைச்சீலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அதையும் போடு.

ரேடியோவின் அம்மா ஞாயிறு தவறாமல் வருகிறார். ரேடியோவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஃபேக்டரியில் என் பக்கத்து மெஷின். வாய் மூடாமல் பேசுவாள் என்று லைன் முழுக்க அந்தப் பெயர்தான். அவள் அம்மா வந்து உட்கார்ந்து, டீ குடித்து, அவள் சின்ன வயதில் செய்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு எல்லாம் மனப்பாடம். இருந்தாலும் சிரிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். ஒன்றும் குறைவில்லை. மேல்வீட்டு இருமல் நின்றுவிட்டது, அதுவும் இப்போது ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது.

ஜன்னலைப் பற்றி நீ எழுதியதைக் கேமராமேனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அவன் நாலு ஜன்னல் ஷாட் எழுதி வைத்திருந்தான். எல்லாவற்றையும் அடித்துவிட்டோம்.

உன் வேடத்துக்கு ஒரு நாடக நடிகை கிடைத்திருக்கிறார். ரொம்ப நுணுக்கமான ஆள். ஒரு வாரமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகுகிறார், விரலில் ஊசி ஏறிவிட்டது. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இவ வேலை செய்யும்போது நடுவுல கை நிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப இவ காதுல என்ன கேக்குது?"

அக்கா, இத்தனை வருஷத்தில் நான் உன்னை இதைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். உனக்கு என்ன கேட்கிறது? ஏன் போன் மட்டும் ஆகாது?

முடிந்தால் எழுது. முடியாவிட்டால் திரைச்சீலையைப் பற்றியே எழுது.

அன்புடன்
தம்பி

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன், அவ்வளவுதான்.

வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். பையில் போட்டு, படிக்கட்டுப் பக்கம் இருந்த அலமாரியில் வைக்க வேண்டும். அன்றைக்குப் படிக்கட்டுக் கதவு திறக்கவில்லை. புகை வந்ததும் நானும் ரேடியோவும் அலமாரிக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துவிட்டோம். தரையில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதற்குள் செய்தி வெளியே போய்விட்டது போலிருக்கிறது. எல்லார் பையிலும் போன் அடிக்க ஆரம்பித்தது. ரேடியோ தன் குரலையே பதிந்து ரிங்டோனாக வைத்திருந்தாள். யார் கூப்பிட்டால் எது அடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று. அவள் அம்மா கூப்பிட்டால், "ஏய், அம்மா கூப்பிடுது, எடுடி" என்று கத்தும். நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுச் சிரிப்போம்.

அது கத்திக்கொண்டே இருந்தது. அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பேச முடியாமல், அந்தப் பையைப் பார்த்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கை விழுந்துவிட்டது. போன் நிற்கவில்லை. நின்று நின்று மறுபடி கூப்பிட்டது. யாரோ என் காலைப் பிடித்துப் பின்பக்கத்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை அவள் குரல்தான் கேட்டது.

அதுதான் கேட்கிறது. எந்தப் போன் அடித்தாலும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தானிடம்கூட. எழுதி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் லேசாக இருக்கிறது. நீ கேட்டது நல்லதுதான்.

கடையில் பள்ளிச் சீருடை சீசன் ஆரம்பித்துவிட்டது. இடுப்பைப் பெரிதாக்கு, நீளத்தைக் குறை என்று ஒரே கூட்டம். அந்த நடிகையிடம் ஊசி ஏறின விரலை அப்படியே விடாமல் டாக்டரிடம் காட்டச் சொல்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன். நீ என்னிடம் சொன்னதற்கு நன்றி.

அடுத்த வாரம் படப்பிடிப்பு. தலைக்கு மேல் வேலை. பிறகு விவரமாக எழுதுகிறேன். நடிகையின் விரல் ஆறிவிட்டது. ரேடியோவின் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

தம்பி

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமே காணோம். உடம்பு சரியாகத்தான் இருக்கிறதா? "சினிமாக்காரன் ஆயிட்டான், இனிமே நம்மளை எல்லாம் தெரியுமா" என்று அத்தான் கிண்டல் செய்கிறார். இங்கே நாங்கள் நலம். அவருக்கு இடது முழங்கை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து. தைலம் தேய்க்கிறேன்.

படம் எந்த அளவில் இருக்கிறது? நான் எழுதியதெல்லாம் ஏதாவது உபயோகமாக இருந்ததா? அந்த நடிகைப் பெண் என் மாதிரி நடக்கிறாளா, இல்லை அழகாக நடக்கிறாளா?

படத்தைப் பற்றி நான் ரேடியோவின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாயே? அவருக்கு ஒரே சந்தோஷம். "தம்பி எடுக்கிற படத்துல என் பொண்ணும் வருவாளா?" என்று கேட்டார். வருவாளாக இருக்கும் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அவ சிரிக்கிற மாதிரி ஒரு இடமாவது வைக்கச் சொல்லும்மா" என்றார். இதை மறக்காமல் உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

எனக்கு ஒரு வரியாவது போடு.
அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள். மூன்று மாதமாக எடிட்டிங் மேஜையிலேயே தூங்கி எழுந்தேன். ஆனால் நல்ல சேதியோடு வந்திருக்கிறேன். படம் முடிந்துவிட்டது. ஒரு படவிழாவில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தேர்வுக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "இந்த மாதிரிப் படத்துல எல்லாரும் காயத்தைக் காட்டுவாங்க, நீ காயத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தைச் சுவரில் எழுதி வைத்தேன்.

அதற்கு முன்னால் உங்கள் ஊரில் ஒரு தடவை போட்டுக்காட்ட ஆசை. நூலகத்து மாடியில் இருக்கிற அரங்கத்தை ஒரு மாலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. எனக்கு அன்றைக்கு வர முடியாது, கேமராமேன் எடுத்துக்கொண்டு வருகிறான். நீயும் அத்தானும் கட்டாயம் போங்கள். ரேடியோவின் அம்மாவையும் அழைத்துப் போ. அவர் மகள் சிரிக்கிற இடம் இருக்கிறது, முதல் பத்து நிமிஷத்திலேயே.

மற்றது எதையும் இப்போது சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு எழுது.

தைலம் வேலை செய்கிறதா?
தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உடம்பளவில் எல்லாரும் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா எழுதப்போவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை போனோம். அந்த அரங்கத்துக்கு ஒரே கதவு. உன் அக்கா உள்ளே வரவில்லை. "நீங்க அவங்களைக் கூட்டிட்டுப் போங்க, நான் இங்க காத்தாட உக்காந்திருக்கேன்" என்று நூலகத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் ரேடியோவின் அம்மாவும் போய் உட்கார்ந்தோம்.

நல்லாத்தான் எடுத்திருக்கிறாய். அந்தப் பெண் நடக்கிறது, கதவோரமாக உட்காருகிறது, எல்லாம் இவளேதான். அந்த அம்மா முதலில் ரொம்ப ரசித்தார். தன் மகள் மாதிரி வருகிற பெண் வாயாடுவதைப் பார்த்து என் கையைத் தட்டிச் சிரித்தார்.

அப்புறம் அந்தப் பை வந்தது. அந்தக் குரல் வந்தது. ஏய், அம்மா கூப்பிடுது, எடுடி. ஒரு கை நீளுகிறது. எட்டவில்லை.

மச்சான், அந்த அம்மாவிடம் உன் அக்கா இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருந்தது வேறு. "போன் எல்லாம் கீழ லாக்கர்ல இருந்துச்சும்மா, சத்தமே வந்திருக்காது. அவ தூங்குற மாதிரிப் போயிட்டா." இதுதான் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இருந்தார். தான் கூப்பிட்டது மகளுக்குக் கேட்கவில்லை என்று.

அவர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். படியில் உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் போன் அவளோடதாம்மா?" என்று கேட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். அவர் மறுபடி கேட்டார். "கையை நீட்டினாளா?" அப்போது இவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் புரிந்துபோயிற்று. பக்கத்திலேயே இருக்கிறவன் நான், எனக்கே படத்தில்தான் தெரிந்தது.

அந்த அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. "நான்தான் விடாம கூப்பிட்டுட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. உன் அக்கா இரண்டு டீ போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டினாள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. தெரிய வேண்டும் என்று எழுதினேன். முழங்கை பரவாயில்லை.

இப்படிக்கு
அத்தான்

ஆகஸ்ட் 14

அக்கா,

அத்தானின் கடிதம் வந்தது. நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"நீ வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். "பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை" என்று அடுத்த தாள். அதுவும் அப்படித்தான்.

உன் கடிதத்தைப் படித்தபோது அழுதேன், அது உண்மை. அழுதுகொண்டே இது எந்த இடத்தில் வர வேண்டும் என்று யோசித்தேன், அதுவும் உண்மை. தீயைக் காட்டக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா. அந்தக் கவனத்திலேயே நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலை இன்னும் ஒரு ஆள் அடையாளம் தெரிந்துகொள்வார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரை அழைத்துப் போ என்று வேறு எழுதினேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ ஜூன் மாதம் கேட்டாயே, உபயோகமாக இருந்ததா என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவரை நான் வந்து பார்க்கட்டுமா? நீ சொன்னால் வருகிறேன்.

தம்பி

அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது, கடையில் கூட்டமா, அத்தான் எப்படி இருக்கிறார், இவ்வளவு தெரிந்தால் போதும்.

குரலை எடுத்துவிட்டேன். கை நீளுவதையும் எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் அவள் மெஷினில் கை நின்று உட்கார்ந்திருக்கிறாள், சத்தம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். கேமராமேனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுவிட்டது. "படத்தோட உயிரே அதுதான்டா" என்று கத்தினான். படவிழாக்காரர்கள் பழைய பிரதிதான் வேண்டும் என்றார்கள். தர முடியாது என்றேன். பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு கல்லூரியில் போட்டோம். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "அந்த இடத்துல அவங்களுக்கு என்னதான் கேக்குது?" அரங்கம் முழுக்க என்னையே பார்த்தது. "எனக்குத் தெரியாது" என்றேன். இதை நான் படம் எடுப்பதற்கு முன்னால், அந்த நடிகை கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி

நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதுகு பரவாயில்லை. கடையில் கூட்டம் குறைவு, குளிர் வந்தால் எல்லாரும் பழையதையே போட்டுக்கொள்கிறார்கள். அத்தான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

உன் படம் விழாவில் வராமல் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதை எனக்கு ஏன் எழுதினாய் என்று யோசித்தேன். நீ இழந்தது இங்கே யார் கணக்கிலும் சேராது. பார்த்துவிட்டவருக்குள்ளே இருக்கிறதை எந்த மேஜையில் வைத்து வெட்டுவது?

எல்லாவற்றையும் உன் தலையில் போடவில்லை. பொய் சொன்னவள் நான். நல்ல பொய் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார். மழை வரும்போல இருக்கு, கிளம்பும்மா என்றார். மழை எதுவும் இல்லை. அதற்கப்புறம் நான் போகவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றார். "வேலை முடிஞ்சதும் வா, கொஞ்சம் நடக்கலாம்" என்றார். டிப்போ வரைக்கும் நடந்தோம். அங்கே திரும்பும்போது, "எல்லாத்தையும் சொல்லு. இந்தத் தடவை எனக்காக மாத்திச் சொல்லாத" என்றார்.

சொன்னேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை. கோபத்தால் இல்லை. அது எங்கள் இரண்டு பேருடையது. நீ இங்கே வர வேண்டாம். வந்தால் அவர் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

இப்போது மறுபடி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். டீ குடிக்கிறார். விலைவாசி பேசுகிறோம், பக்கத்துவீட்டுத் திரைச்சீலை பேசுகிறோம். ரேடியோவின் சின்ன வயதுக் கதை ஒன்றும் சொல்வதில்லை. நானே ஒரு நாள் எடுத்துக்கொடுத்தேன், அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்துகொண்ட கதையை. அவர் பாதி வரை கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்துவிட்டார். எனக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

நீ எழுது. வேலையைப் பற்றி எழுது, சாப்பாட்டைப் பற்றி எழுது. நானும் முதுகைப் பற்றியும் கடையைப் பற்றியும் எழுதுகிறேன். நீ இனிமேல் என்னிடம் எதுவும் கேட்கமாட்டாய். அது தெரிகிறது. நானும் இனிமேல் சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்டு, மார்ச் மாதத்தில் நான் எழுதி, அந்த உறையைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேனே, அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்தது தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா